முதல் அசெம்பிள்: கடையில் "எல்லாம் செட் ஆகும்" என்கிறார்கள், ஆகுமா?

9 நவம்பர் 2025, கேள்வி

அண்ணே, தண்டையார்பேட்டையிலிருந்து கேட்கிறேன். சீட்டு எடுத்த பணத்தில் அம்மா 50,000 ரூபாய் கொடுத்திருக்காங்க. நானே பார்ட்ஸ் வாங்கி அசெம்பிள் பண்ணலாம்னு இருக்கேன். ரைசன் 5 5600 பிராசஸர், பி450 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்5 ராம் ஒரே ஸ்டிக், 1 டிபி எம்.2 எஸ்எஸ்டி, கேபினெட்டோடு வருகிற 450 வாட் எஸ்எம்பிஎஸ், அதாவது பவர் சப்ளை. கிராஃபிக்ஸ் கார்டு அடுத்த வருஷம். மானிட்டர் வீட்டில் இருக்கு. காலேஜ் வேலை, கொஞ்சம் வீடியோ எடிட்டிங், தம்பிக்கு கேம். கடையில் கேட்டால் எல்லாம் செட் ஆகும்னு சொல்றாங்க. நம்பலாமா?

9 நவம்பர், இரவு

செட் ஆகாது, தம்பி. ஆனால் எது ஆகாது என்பதில் விஷயம் இருக்கிறது. உன் பட்டியலில் ஒரு நல்ல தப்பும் ஒரு கெட்ட தப்பும் உண்டு.

நல்ல தப்பு ராம். பி450 என்பது ஏஎம்4 சாக்கெட் (பிராசஸர் உட்காரும் இடம்) உள்ள ஏஎம்டி போர்டு, அதில் முந்தைய தலைமுறை ராமான டிடிஆர்4 மட்டும்தான் போடலாம். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 பின், நீளமும் ஒன்றுதான். ஆனால் நடுவில் இருக்கும் வெட்டு இரண்டிலும் ஒரே இடத்தில் இருக்காது. எவ்வளவு அமுக்கினாலும் இறங்காது. திரும்பக் கடைக்குப் போய் மாற்றிக்கொள்வாய், அலைச்சலோடு போகும்.

கெட்ட தப்பு பிராசஸர். ரைசன் 5 5600 அந்த போர்டில் அழகாக உட்காரும். ஃபேன் சுற்றும், லைட் எரியும், மானிட்டர் மட்டும் கறுப்பாகவே இருக்கும். அந்த 5600க்குள் கிராஃபிக்ஸ் கிடையாது. போர்டின் பின்பக்கம் எச்டிஎம்ஐ ஓட்டை இருக்கிறதே என்று கேட்பாய். அது வெறும் ஓட்டை, படம் பிராசஸரிலிருந்து வர வேண்டும். கார்டு அடுத்த வருஷம் என்றால் படமும் அடுத்த வருஷம்தான். நீ வாங்க வேண்டியது 5600ஜி. அந்த "ஜி"க்குத்தான் காசு. இன்டெல் பக்கம் போனால் இதற்கு நேர் எதிர்: கடைசியில் "எஃப்" இருந்தால் கிராஃபிக்ஸ் இல்லை. 12400 வாங்கலாம், 12400எஃப் வாங்கினால் கார்டும் கூடவே வாங்க வேண்டும்.

பொருந்தாத சாமானைப் பற்றி நான் கவலைப்படுவதே இல்லை. பொருந்திவிட்டு வேலை செய்யாத சாமான்தான் பணத்தைத் தின்னும். இனிமேல் நான் எழுதுவதெல்லாம் அந்த இரண்டாவது வகையைப் பற்றித்தான் இருக்கும்.

10 நவம்பர்

பயாஸைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். மிஷினைக் கிளப்ப போர்டுக்குள்ளேயே இருக்கும் புரோகிராம் அது. பி450 போர்டு வந்தது 2018இல். 5600ஜி வந்தது 2021இல். சாக்கெட் ஒன்றே என்றாலும், கடை அலமாரியில் நாளாகக் கிடந்த போர்டு என்றால் அதற்குள் இருக்கும் பழைய பயாஸுக்கு இந்தப் பிராசஸரை அடையாளம் தெரியாது. இதுவும் உட்கார்ந்துவிட்டு ஓடாத வகை. பெட்டியின் மேல் "ரைசன் 5000 டெஸ்க்டாப் ரெடி" என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் கவலை இல்லை. இல்லாவிட்டால் கடையிலேயே அப்டேட் செய்து, ஆன் செய்து காட்டச் சொல். சில போர்டுகளில் பயாஸ் ஃபிளாஷ்பேக் என்று பின்பக்கம் ஒரு சின்ன பட்டன் இருக்கும். பிராசஸர், ராம் எதுவும் போடாமலே பென்டிரைவ் செருகி அப்டேட் செய்துவிடலாம். அந்த பட்டன் இருக்கிற போர்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டாலும் கொடுக்கலாம்.

போர்டு தயாரித்த கம்பெனியின் தளத்தில் ஒவ்வொரு போர்டுக்கும் ஒரு பிராசஸர் பட்டியல் இருக்கும். எந்தப் பிராசஸருக்கு எந்த பயாஸ் பதிப்பு குறைந்தபட்சம் வேண்டும் என்று அதில் போட்டிருக்கும். வீடியோ பத்து பார்ப்பதைவிட அந்த ஒரு பக்கத்தைப் பார்.

12 நவம்பர்

"பி450ஐயே ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும், ஏஎம்5 போகச் சொல்லுங்களேன்" என்கிறார் பெரம்பூர் நண்பர். நியாயமான கேள்விதான். ஏஎம்4க்கு அடுத்த சாக்கெட்டான ஏஎம்5 வந்தது 2022 செப்டம்பரில். 2027 வரைக்கும், அதற்கு அப்புறமும் ஆதரவு உண்டு என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. அதாவது இன்று வாங்குகிற போர்டிலேயே பிற்பாடு வேறு பிராசஸர் மாற்றலாம். ஏஎம்4இல் அந்தப் பாதை ஏறக்குறைய முடிந்துவிட்டது. ஏஎம்5இல் 8600ஜி பிராசஸர் போட்டால் உள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ் 5600ஜியைவிட நன்றாகவே இழுக்கும். 7600இலும் கிராஃபிக்ஸ் இருக்கிறது, ஆனால் பெயருக்குத்தான். படம் தெரியும், கேம் ஓடாது. தம்பியின் தம்பி அழுவான்.

ஏஎம்5 என்றால் டிடிஆர்5 மட்டும்தான், வேறு வழியே இல்லை. இன்டெல்லில்தான் குழப்பம். எல்ஜிஏ 1700 சாக்கெட்டுக்கு டிடிஆர்4 போடுகிற போர்டும் உண்டு, டிடிஆர்5 போடுகிற போர்டும் உண்டு. பெயர் கிட்டத்தட்ட ஒன்றே, கடைசியில் ஒரு "டி4" மட்டும் சேர்ந்திருக்கும். கொட்டேஷனில் அந்த இரண்டு எழுத்தை விட்டுவிட்டு டைப் அடிப்பார்கள். "அந்த போர்டு ஸ்டாக் இல்லை சார், இதுவும் அதேதான்" என்று எடுத்துக் கொடுத்தால், பெட்டியின் பக்கவாட்டு லேபிளைப் படித்துவிட்டுத்தான் தலையாட்ட வேண்டும்.

என் இப்போதைய எண்ணம்: 5,000, 6,000 கூடப் போட முடிந்தால் ஏஎம்5.

15 நவம்பர்

எஸ்எம்பிஎஸ்.

கேபினெட்டோடு வருகிற 450 வாட் சமாசாரத்தைக் கையில் எடுத்து, பக்கத்தில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படி. +12வி என்று ஒரு கட்டம் இருக்கும், அதன் கீழ் ஆம்பியர். அந்த எண்ணை 12ஆல் பெருக்கு. 16 ஆம்பியர் என்றால் 192 வாட். பிராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் குடிப்பது அந்த 12 வோல்ட்டிலிருந்துதான். மீதி வாட் எல்லாம் 3.3, 5 வோல்ட் என்று உனக்குத் தேவையில்லாத இடத்தில் கணக்குக்குச் சேர்த்தது. ஒழுங்கான 450 வாட்டில் 12 வோல்ட் பக்கமே ஏறக்குறைய முழு 450ஐயும் கொடுக்கும்.

5600ஜி 65 வாட் பிராசஸர், அதற்கு அந்த டப்பாவே இழுத்துவிடும். அதனால்தான் கடைக்காரர் "ஓடும்" என்கிறார், ஓடவும் ஓடும். அடுத்த வருஷம் ஆர்எக்ஸ் 6600 போன்ற கார்டு போட்டாய் என்றால், அதற்கு மட்டும் 132 வாட் வேண்டும். கேம் திறந்த பத்தாவது நிமிஷம் மிஷின் ரீஸ்டார்ட் ஆகும். நீ ராமைச் சந்தேகப்படுவாய், விண்டோஸைத் திரும்பப் போடுவாய், மற்ற எல்லாவற்றையும் கழற்றிப் பார்ப்பாய். கேபினெட்டைத் தனியாக, 80 பிளஸ் பிரான்ஸ் என்ற மின் சிக்கன முத்திரை உள்ள 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாக வாங்கு. அது அடுத்த மிஷினுக்கும் வரும்.

வயரைப் பற்றி ஒன்று. பிராசஸருக்கான 8 பின் வேறு, கார்டுக்கான 8 பின் வேறு. முன்னது 4+4 ஆகப் பிரியும், பின்னது 6+2 ஆகப் பிரியும். மாடுலர், அதாவது வயரைக் கழற்றி மாட்டுகிற எஸ்எம்பிஎஸ் என்றால் அதனோடு வந்த வயரை மட்டும்தான் பயன்படுத்த வேண்டும். வேறு கம்பெனி வயர் செருகினால் அழகாக உள்ளே போகும், உள்ளே பின் வரிசை மாறியிருக்கும். எனக்குத் தெரிந்த ஒருவர் இப்படி ஹார்ட் டிஸ்க் இரண்டைப் புகைத்தார், கல்யாண போட்டோ எல்லாம் அதில்தான் இருந்தது.

16 நவம்பர், ஞாயிறு

இன்று ரிச்சி ஸ்ட்ரீட் கம்ப்யூட்டர் கடைகளுக்குப் போகலாமா என்று கேட்டால் என்ன சொல்ல? ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகளுக்கு ஷட்டர்தான். வார நாளில் காலை பதினொன்றுக்கு மேல் போ. தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் மாறவே வேண்டாம், கவர்ன்மென்ட் எஸ்டேட்டில் இறங்கி நடந்துவிடலாம். முன்பெல்லாம் பஸ்ஸில் கேபினெட்டை மடியில் வைத்துக்கொண்டு பாரிமுனை நெரிசலில் வந்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

முதல் கடையிலேயே வாங்காதே. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று சுற்றி, மூன்று இடத்தில் கொட்டேஷன் எழுதி வாங்கு. மாடல் எண் முழுசாக எழுதச் சொல். "பி550 போர்டு" என்று மட்டும் எழுதினால் அது கொட்டேஷன் இல்லை.

பில் வேண்டாம் என்றால் குறைத்துத் தருகிறேன் என்பார்கள். 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆசையாகத்தான் இருக்கும். பாக்ஸ் பிராசஸருக்கு மூன்று வருஷம் வாரன்டி, நல்ல எஸ்எஸ்டிக்கு ஐந்து வருஷம். பில் இல்லாமல் அதைக் கேட்டுப் போய் நிற்க முடியாது. பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், எம்ஆர்பி அச்சடித்த ஸ்டிக்கர் இருக்கிறதா என்றும் பார். இல்லை என்றால் அது வேறு வழியாக வந்த சரக்கு.

22 நவம்பர்

ஒரே 16 ஜிபி ஸ்டிக்கா, 8+8 ஆ என்பதற்கு அன்றைக்கே பதில் சொல்லியிருக்கலாம். கார்டு இல்லாத மிஷினில் கிராஃபிக்ஸும் இந்த ராமையேதான் பிடுங்கித் தின்னும். ஒரு ஸ்டிக் என்றால் பாதை ஒன்று, இரண்டு என்றால் இரண்டு. கேமில் வித்தியாசம் கண்ணால் தெரியும். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போடு. பக்கத்தில் பக்கத்தில் போட்டாலும் ஓடும், ஒற்றைப் பாதையில் ஓடும். யாரும் உனக்குச் சொல்ல மாட்டார்கள், மிஷினும் சொல்லாது.

அப்புறம், ராம் பெட்டியில் வேகம் 3200 என்று போட்டிருந்தாலும் பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பியை (ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு) ஆன் செய்யாவிட்டால் அது பெரும்பாலும் 2133லோ 2400லோதான் ஓடிக்கொண்டிருக்கும்.

25 நவம்பர்

ஆல்பம் டிசைன் செய்கிற அக்கா ஒருவர், புதுவண்ணாரப்பேட்டை, தன் மிஷினில் எஸ்எஸ்டி போட்டதும் பழைய ஹார்ட் டிஸ்க் காணாமல் போய்விட்டது என்று பதறிப்போய்க் கேட்டார். எதுவும் போகவில்லை அக்கா. சில போர்டுகளில் இரண்டாவது எம்.2 ஸ்லாட்டில் எதையாவது செருகினால் ஹார்ட் டிஸ்க் வயர் செருகும் சாட்டா போர்ட் இரண்டு அணைந்துவிடும். மானுவலில் பொடி எழுத்தில் ஒரு வரியாக இருக்கும். டிஸ்க் வயரைப் பிடுங்கி வேறு சாட்டா போர்ட்டில் செருகுங்கள், போட்டோவெல்லாம் அப்படியே இருக்கும்.

தம்பிக்கும் இதில் பாதி பொருந்தும். எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே. அதே வடிவத்தில் வேகமான என்விஎம்இயும் வரும், மெதுவான சாட்டாவும் வரும். சில ஸ்லாட் என்விஎம்இயை மட்டும் ஏற்கும். வாங்கும்போது "எம்.2 கொடுங்க" என்று கேட்காதே, "என்விஎம்இ, 2280" என்று கேள். 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம், அவ்வளவுதான் அந்த எண்ணுக்கு அர்த்தம்.

4 டிசம்பர்

டிட்வா புயல் மழையில் கரண்ட் போய் வந்துகொண்டிருந்ததால் எழுத முடியவில்லை. எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர், பக்கத்து வீட்டுக்காரர் சிபியுவைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்துவிட்டு இரவெல்லாம் அதற்குக் காவல் இருந்தார். கொருக்குப்பேட்டை, புளியந்தோப்பு பக்கம் இருக்கிறவர்கள் கேபினெட்டைத் தரையில் வைக்கும் யோசனையையே விட்டுவிட வேண்டும். விளம்பரப் படத்தில் தரையில் ஜம்மென்று இருக்கும். அவர்கள் வீட்டில் தண்ணீர் வராது.

இடையில் ராம் விலை எங்கேயோ போய்விட்டது. தீபாவளிக்கு முன்னால் வாங்கியவர்கள் அதிர்ஷ்டசாலிகள், டிடிஆர்5 அதைப்போல இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. ஏஐ சர்வர்களுக்கே மெமரி முழுவதும் போகிறது. நேற்று மைக்ரான் கம்பெனி, குரூஷியல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு விற்றுவந்த ராம், எஸ்எஸ்டி வியாபாரத்தையே விடுவதாக அறிவித்துவிட்டது. பிப்ரவரி வரைக்கும்தான் சரக்கு அனுப்புமாம்.

ஆகவே 12ஆம் தேதி எழுதிய ஏஎம்5 யோசனையைத் தம்பி விஷயத்தில் வாபஸ் வாங்குகிறேன். 50,000க்குள் இனி அது நடக்காது. போர்டில் மிச்சம் பிடித்து, எஸ்எம்பிஎஸ்ஸில் மிச்சம் பிடித்து, எல்லாவற்றையும் ராமுக்குக் கொட்ட வேண்டிவரும். ஏஎம்4, 5600ஜி, ராம் மட்டும் செகண்ட் ஹேண்ட். புது டிடிஆர்4 விலையும் ஏறித்தான் இருக்கிறது, ஆனால் பழையது கிடைக்கிறது. அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கு ஆதரவு நின்றதும் ஆபீஸ்களில் பழைய மிஷின்களைக் கழித்துக்கட்டுகிறார்கள், அதிலிருந்து வருகிற ராம்.

5 டிசம்பர்

செகண்ட் ஹேண்ட் ராம் என்று சொன்னவுடன் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள், "சர்வர் ராம் 16 ஜிபி பாதி விலைக்குக் கிடைக்குது, எடுக்கலாமா?"

எடுக்காதே! இந்த இழையில் நான் எதையாவது பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்றால் இதைத்தான் எழுதுவேன். சர்வரில் போடுகிற ரெஜிஸ்டர்டு டிடிஆர்4க்கும் நம் டிடிஆர்4க்கும் 288 பின், வெட்டும் அதே இடம். டக்கென்று இரண்டு பக்கமும் கிளிப் மூடிக்கொள்ளும். ஆனால் நம் வீட்டு போர்டு அதை வைத்துக்கொண்டு பூட் ஆகவே ஆகாது. ஸ்டிக்கர் லேபிளைப் பார்: பிசி4-2400டி என்று ஆரம்பித்து, அதற்கு அடுத்த எழுத்து "ஆர்" என்றால் சர்வருக்கு, "யு" என்றால் நமக்கு. "எஸ்" என்றால் லேப்டாப், அது நீளத்திலேயே தெரிந்துவிடும். நடுவில் ஒரு சின்ன சிப் தனியாக உட்கார்ந்திருந்தாலும் சந்தேகப்படு.

வாங்குகிற இடத்திலேயே ஒரு மிஷினில் போட்டு ஆன் செய்து காட்டச் சொல். காட்ட மாட்டேன் என்கிறவரிடம் வாங்காதே.

7 டிசம்பர்

காசிமேட்டிலிருந்து ஒருவர்: ராமை ரப்பர் போட்டுத் தேய்த்தால் மிஷின் உயிர் வருகிறது, இரண்டு மாதத்தில் மறுபடி செத்துவிடுகிறது, ஏன்?

கடல் காற்று. உப்பும் ஈரமும் சேர்ந்து ராமின் தங்க விளிம்பில் படிகிறது. ஸ்கூல் பையன் அழிரப்பரால் தேய்ப்பது நம் ஊர் சர்வீஸ் கடைகளின் முதல் வைத்தியம், வேலையும் செய்யும். ஆனால் அந்தத் தங்கப் பூச்சு மெல்லியது, ஒவ்வொரு தேய்ப்புக்கும் கொஞ்சம் போகும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரு பாட்டில் வாங்கி, பஞ்சில் தொட்டுத் துடைப்பதுதான் நல்லது. ஜன்னல் ஓரமாக மிஷின் இருந்தால் நகர்த்துங்கள். தினமும் ஒரு மணி நேரமாவது ஓடட்டும், சூட்டில் ஈரம் தங்காது. துணி போட்டு மூடி வைத்தே பாதுகாக்கிறேன் என்பவர்கள் வீட்டில்தான் சீக்கிரம் துரு பிடிக்கிறது.

எண்ணூர் நெடுஞ்சாலை ஓரம் குடியிருப்பவர்களுக்கு உப்பைவிடத் தூசி பெரிய எதிரி. கண்டெய்னர் லாரி போகப் போக வீடே மாவு பூசிக்கொள்ளும். முன்பக்கம் கழற்றிக் கழுவுகிற மாதிரி ஃபில்டர் உள்ள கேபினெட்டாகப் பார்த்து வாங்குங்கள். கண்ணாடிக்குப் பின்னால் லைட் ஃபேன் ஆறு வைத்து, காற்று போக வழியே இல்லாத கேபினெட் வேண்டாம். அம்மன் கோயில் சீரியல் செட் மாதிரி ஜொலிக்கும், உள்ளே பிராசஸர் வெந்துகொண்டிருக்கும்.

லைட் பேச்சு வந்ததால்: ஏஆர்ஜிபி ஃபேன் 5 வோல்ட், மூன்று பின். பழைய ஆர்ஜிபி 12 வோல்ட், நான்கு பின். மூன்று பின்னை நான்கு பின்னில் அழுத்திச் செருகியும் விடலாம். லைட் ஒரு விநாடி பிரமாதமாக எரியும், அதோடு போய்விடும்.

14 டிசம்பர்

தம்பி சாமான் எல்லாம் வாங்கிவிட்டான். 5600ஜி, ஸ்டிக்கர் ஒட்டிய பி450, 8+8 செகண்ட் ஹேண்ட் ராம், 550 வாட் பிரான்ஸ், 500 ஜிபி என்விஎம்இ. 1 டிபி போச்சு, ராம் தின்றுவிட்டது. பில் எல்லாம் கவரில் போட்டுக் கொண்டு வந்தான், பார்க்க சந்தோஷமாக இருந்தது. நானும் போயிருந்தேன், கை வைக்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தேன்.

அவன் மாட்டிக்கொண்ட இடங்களை மட்டும் எழுதுகிறேன், அடுத்து வருபவர்களுக்கு ஆகும்.

ஏஎம்4இல் பின் எல்லாம் பிராசஸரின் அடியில். ஓரத்தில் தங்க முக்கோணம், சாக்கெட்டிலும் அதே முக்கோணம். இரண்டும் சேர்ந்தால் தானாக விழும், அமுக்கவே கூடாது. (ஏஎம்5, இன்டெல்லில் பின் போர்டில் இருக்கும். அந்த சாக்கெட்டை மூடியிருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். வாரன்டிக்குப் போகும்போது மூடி இல்லாமல் வாங்க மாட்டார்கள்.)

பிராசஸரோடு வரும் ஹீட்சிங்க்குக்கு நான்கு ஸ்க்ரூ. போர்டில் ஏற்கெனவே இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் பிடிகளைக் கழற்றினால்தான் ஸ்க்ரூ இறங்கும். கழற்றியதும் பின்னால் இருக்கும் தகடு பொத்தென்று விழுந்துவிடும். தம்பிக்கும் விழுந்தது, முகம் வெளிறிவிட்டது. பதற வேண்டாம், பின்பக்கம் ஒரு கையால் தாங்கிக்கொண்டு, ஸ்க்ரூவைக் குறுக்கும் மறுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். ஒரே பக்கத்தை முழுசாக முறுக்கினால் மறுபக்கம் தூக்கிக்கொள்ளும்.

கேபினெட்டுக்குள் போர்டைத் தாங்கும் பித்தளைக் குமிழ்கள், ஸ்டாண்ட் ஆஃப் என்பார்கள், ஒன்பது முன்கூட்டியே மாட்டி வந்திருந்தது. இவன் போர்டு சின்னது, அதற்கு ஓட்டை இல்லாத இடத்திலும் ஒன்று நின்றது. அது போர்டின் அடியில் பட்டால் ஷார்ட். கழற்ற வைத்தேன்.

கேபினெட் பட்டனின் பொடி வயர்களைக் கடைசிவரை விட்டுவிட்டோம். அந்த பவர் ஸ்விட்ச் பின் இரண்டையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு தொடு தொட்டால் மிஷின் ஆன் ஆகும், ரிச்சி ஸ்ட்ரீட்டில் எல்லோரும் அப்படித்தான் டெஸ்ட் செய்வார்கள். தொட்டான். ஃபேன் சுற்றியது, படம் வந்தது. அவன் தம்பி கேட்ட முதல் கேள்வி, "கேம் எப்போ போடுவ?"

15 டிசம்பர்

ஏஎம்5 போட்டவர்களுக்கு ஒரு குறிப்பு, ஒருவர் ராத்திரி பன்னிரண்டுக்கு போன் செய்ததால். டிடிஆர்5இல் முதல் தடவை ஆன் செய்யும்போது போர்டு ராமைப் பழக்கிக்கொள்ளும். சில நிமிஷம் கறுப்புத் திரைதான். அந்த நேரத்தில் ஆஃப் செய்து ஆஃப் செய்து போட்டால் திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஆன் செய்துவிட்டு சாப்பிடப் போங்கள்.

21 டிசம்பர்

தம்பியிடமிருந்து போன்: "அண்ணே, கேபினெட்டைத் தொட்டால் ஜிவ்வுன்னு இருக்கு."

நான் கேட்காமல் விட்ட கேள்வி இதுதான், வீட்டில் எர்த் இருக்கிறதா? பழைய வரிசை வீடு. சுவரில் மூன்று ஓட்டை இருக்கிறது, மேல் ஓட்டைக்குப் பின்னால் வயரே இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இரைச்சலை வடிகட்ட சின்ன கெபாசிட்டர்கள் இரண்டு, லைனிலிருந்து ஒன்றும் நியூட்ரலிலிருந்து ஒன்றுமாக, கேபினெட் தகட்டோடு இணைத்திருக்கும். எர்த் இருந்தால் அதில் கசியும் கரண்ட் அந்த வழியாக இறங்கிவிடும். இல்லாவிட்டால் தகடு பாதி வோல்டேஜில், 115 பக்கம் மிதந்துகொண்டிருக்கும். டெஸ்டர் வைத்தால் லேசாக எரியும். கரண்ட் ரொம்பக் குறைவு, அதனால் கூச்சத்தோடு விடுகிறது. ஆனால் ஆன் நிலையில் எச்டிஎம்ஐ வயரை டிவியில் செருகினால் பொறி பறந்து போர்ட் போகலாம். எஸ்எம்பிஎஸ் உண்மையிலேயே பழுதானால் கூச்சத்தோடு விடாது.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொன்னேன். வந்தவர் நியூட்ரலையும் எர்த் பின்னையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துவிட்டு "முடிஞ்சுது" என்றாராம். ஷாக் நின்றுவிட்டது, உண்மைதான். ஆனால் எங்கேயாவது நியூட்ரல் அறுந்தால் கேபினெட் முழுக்க 230 வோல்ட் நிற்கும். இதுவும் அதே ரகம், பொருந்துகிற மாதிரி இருந்து ஆளை அடிக்கிறது. அதைப் பிடுங்கச் சொல்லி, வேறு ஆளை வைத்து, மெயினிலிருந்து ஒழுங்காக எர்த் வயர் இழுக்க வைத்தோம். செலவு 5600ஜிக்கும் 5600க்கும் உள்ள வித்தியாசத்தைவிட அதிகம். அம்மா முணுமுணுத்தார்கள். வீட்டு மிக்ஸியும் பல வருஷமாக ஜிவ்வென்றுதான் இருந்தது என்று அப்புறம் அவர்களே சொன்னார்கள்.

28 டிசம்பர்

யுபிஎஸ் 600 விஏ என்றால் 600 வாட் இல்லை, சாதாரணமாக 360 வாட்தான் வரும். கார்டு இல்லாத தம்பி மிஷினுக்கும் மானிட்டருக்கும் அது தாராளம். கார்டு போட்டபின் கணக்கைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

கொஞ்சம் நல்ல எஸ்எம்பிஎஸ்களில் ஆக்டிவ் பிஎஃப்சி என்று, கரண்டை ஒழுங்காக இழுக்க வைக்கும் சர்க்யூட் இருக்கும். விலை குறைந்த யுபிஎஸ் பேட்டரிக்கு மாறும்போது தருவது சுத்தமான சைன் அலை இல்லை, படிப்படியாக வெட்டிய அலை. சில ஜோடிகளுக்கு இது ஒத்துப்போகாது. யுபிஎஸ் பீப் அடிக்கும், மிஷின் அணையும். வாங்கும்போதே, திருப்பித் தரலாமா என்று கேட்டுக்கொண்டு, வீட்டில் லோடு போட்டு மெயின் சுவிட்சை ஒரு தடவை அணைத்துப் பாருங்கள்.

4 ஜனவரி 2026

"இணையத்தில் பார்ட்ஸ் எல்லாம் தேர்வு செய்தால் பொருந்துமா என்று சொல்லும் தளம் இருக்கிறதே, அதில் பச்சை வந்தால் போதாதா?"

பிசி பார்ட் பிக்கர். நல்ல தளம், நானும் பார்ப்பேன். சாக்கெட், ராம் வகை, கார்டின் நீளம் கேபினெட்டுக்குள் அடங்குமா, இதெல்லாம் சொல்லும். பயாஸ் அப்டேட் வேண்டியிருக்கலாம் என்றும் எச்சரிக்கும். அங்கே பச்சை வராவிட்டால் வாங்காதே. வந்தாலும், கடைக்காரர் உன் கையில் கொடுப்பது நீ தேர்ந்தெடுத்ததுதானா, அந்த ராம் லேபிளில் என்ன எழுத்து, சுவரில் எர்த் இருக்கிறதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

18 ஜனவரி

பொங்கல் முடிந்து தம்பி கேட்டது: கார்டு வாங்கப் பணம் சேர்ந்துவிட்டது, 5600ஜியை விற்றுவிட்டு 5600 வாங்கிவிடலாமா? 5600ஜியில் கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக மெமரி) பாதி, கார்டு செருகும் பிசிஐஇ பாதையும் பழைய 3.0தான் என்று யாரோ சொன்னார்களாம்.

சொன்னவர் சரியாகத்தான் சொன்னார். ஆனால் உன் பி450 போர்டே 3.0தான், அதனால் அந்தக் கணக்கில் மாற்றம் வராது. கேஷால் சில கேம்களில் வித்தியாசம் வரும், உன் 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் அது தெரியாது. விற்காதே. கார்டு போட்டபின் மானிட்டர் வயரைப் போர்டிலிருந்து பிடுங்கிக் கார்டில் செருகு. அதைச் செய்யாமல் "கார்டு போட்டும் ஸ்பீடு ஏறல" என்று புலம்புபவர்கள் நிறைய. கார்டின் நீளத்தை மில்லிமீட்டரில் பார்த்து, கேபினெட்டுக்குள் டேப் வைத்து அளந்துவிட்டுப் போ. நாளாக அலமாரியில் கிடந்த கார்டையோ கிரிப்டோ மைனிங்கில் ஓடின கார்டையோ தலையில் கட்டுகிறார்களா என்று பில் தேதியையும் பார்.

19 ஜனவரி

வைஃபை இல்லாத போர்டு என்று இப்போதுதான் கவனித்தாயா? பரவாயில்லை. யுஎஸ்பி டாங்கிளும் வேலை செய்யும், ஆனால் உங்கள் வீட்டுச் சுவர் கனத்துக்கு மோடம் இருக்கும் முன்னறையிலிருந்து லேன் கேபிளே இழுத்துவிடு. இருபது மீட்டர் போதும். கேட் 6 என்று கேட்டு வாங்கு, இரண்டு முனையிலும் கிளிப் உடையாமல் இருக்கிறதா பார்.